டோர்ஃபின் பம்புக்குக் கட்டிய வீடு

தினமும் காலை ஏழு மணிக்கு டோர்ஃபின் அந்தச் சிறிய கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். முதலில் வலது கைக் கம்பளி உறையைப் பல்லால் கடித்து உருவுவார். உறை வாயிலேயே தொங்கும். நடுவிரலை மடக்கி முட்டியால் இரண்டு தட்டு. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல அவ்வளவு மெதுவான தட்டு. பிறகு காத்திருப்பார். உள்ளே இருப்பவர் கையிலிருக்கும் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அதன் பிறகே கொக்கியை நீக்குவார். கதவு அவருடைய இடுப்புயரம்கூட இல்லை, அதனால் பனியில் ஒரு முழங்காலை ஊன்றித்தான் எட்டிப் பார்க்க முடியும். உள்ளே யாரும் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின் வெளிப்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும்.

நான் எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். என் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே, கீழே இது நடந்தது. முதல் இரண்டு நாள் கதவில் ஒட்டிய பனியைத் தட்டி உதிர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பனியே இல்லை. அன்றும் தட்டினார், காத்திருந்தார்.

டோர்ஃபின் ஹெல்லஸ்விக் முப்பத்தாறு வருடம் ஃபெர்ரியில் வேலை பார்த்தவர். எங்கள் ஸ்கார்விகா ஊருக்கும், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நீளும் ஃபியோர்டின் அக்கரைக்கும் இடையே கார்களை ஏற்றிக்கொண்டு போகும் ஃபெர்ரி. தளத்தில் நின்று, வருகிற கார்களைக் கையசைத்து வரிசையாக நிறுத்துவதுதான் அவர் வேலை. வாய் திறக்க மாட்டார். உள்ளங்கையை மடக்கினால் வா, விரித்தால் நில், சுண்டு விரலை அசைத்தால் இன்னும் கொஞ்சம். காருக்கும் காருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுவார், ஐந்தாவது விரலுக்கு இடம் கிடையாது. முப்பத்தாறு வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உரசியதில்லை. காப்பி குடிக்க இறங்க முடியாமல் பாதி ஊர் காருக்குள்ளேயே பயணம் செய்தது என்பது வேறு விஷயம்.

அவருடைய மனைவி ஆஸ்லாக் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்தவர். நான் ஊர் நூலகத்தில் வேலை செய்கிறேன். அவருக்கு வியாழக்கிழமைதோறும் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதற்குக் காப்பியும் வாஃபிளும் கிடைக்கும். மூன்று குளிர்காலமாக அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிப் போயிருந்தன. அறை இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்கள் மடங்காது. அவர்கள் வீடோ நூற்று நாற்பது வருடத்து மரவீடு. காற்று வடக்குச் சுவரால் உள்ளே வந்து, ஆஸ்லாக்கின் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தெற்குச் சுவரால் வெளியே போகும். விறகு அடுப்பு ஒன்று உண்டு. டோர்ஃபினின் தோள்பட்டை போன பிறகு விறகு பிளக்க ஆளில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, நான் இரண்டாவது வாஃபிளை மென்றுகொண்டிருந்தபோது, ஆஸ்லாக் கணவரைப் பார்க்காமல் ஜாம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திருவருகை முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கூடத்துல இருபது டிகிரி வரணும். வரலைன்னா நான் ராக்ன்ஃப்ரித் வீட்டுக்குப் போயிடுவேன்."

அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு. ராக்ன்ஃப்ரித் அவருடைய அக்கா. பேருந்தில் தெற்கே நான்கு மணி நேரத் தொலைவில் தனியாக இருப்பவர்.

"எதுவரைக்கும்?" என்றார் டோர்ஃபின்.

"சூடு வர்ற வரைக்கும்."

எங்கள் ஊரில் சூடு ஜூனில் வரும், சில வருடம் வராது. டோர்ஃபின் சர்க்கரை போடாத காப்பியை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லக்கூடிய மனிதர் அல்ல அவர். சாமான் வாங்கி வருவார், ஏணி வைப்பார், ஆணி அடிப்பார். அதற்கு மேல் அவரிடம் மொழி கிடையாது.

அக்டோபர் முதல் வாரம் ஹீட் பம்ப் வந்தது. ஏசியைத் திருப்பி மாட்டியது போன்ற சமாச்சாரம் அது. வெளியே எவ்வளவு குளிரானாலும் காற்றில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் பிழிந்தெடுத்து உள்ளே அனுப்பும். பொருத்த வந்த யோருன் என்ற பெண், ஒரே பகலில் வேலையை முடித்து, பெட்டிக்கு முன்னால் எதையும் வைக்காதீர்கள், அதற்குக் காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். டோர்ஃபின் தலையாட்டினார்.

கூடம் இருபத்திரண்டு டிகிரிக்குப் போனது. பதினொரு நாள் அப்படியே நின்றது. முதல் நாள் ஆஸ்லாக் சால்வையைக் கழற்றினார். மூன்றாம் நாள் உள்கம்பளி. ஆறாம் நாள், இரண்டு ஜோடி காலுறையில் ஒன்று. எட்டாம் நாள் பியானோ கேட்டது. தெருவே கேட்கட்டும் என்று டோர்ஃபின் ஜன்னலைத் திறந்தார். சூடு வீணாகிறது என்று அவரே ஓடிப்போய் மூடினார். அந்த வாரம் அவரை மறுபடி மறுபடி ஜன்னலண்டை பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. எங்கள் சந்து பழமை மாறாமல் காக்கப்படும் சந்து. கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்குக்கூட ஒரு குழு இருக்கிறது. பம்பின் வெளிப்பெட்டி சந்திலிருந்து கண்ணில் படுகிறது, நவம்பர் இருபத்தொன்றாம் தேதி பார்வையிட வருவோம், அதற்குள் வீட்டின் தன்மைக்கு இசைந்த அமைப்பொன்றால் அதை மறைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். சந்தில் பம்பு வைத்த எல்லாருக்கும் இந்தக் கடிதம் வந்ததுதான். என் வீட்டுக்காரர் மாக்னார் இரண்டு பழைய மரச்சட்டங்களை அடித்துச் சேர்த்து, ஆட்டுப்பட்டி மாதிரி ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் சாய்த்து வைத்தார். அதற்கே குழு சரி என்றுவிட்டது.

டோர்ஃபின் 'இசைந்த' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கடிதத்தை நான்கு தடவை படித்தார்.

பிறகு மூன்று வாரம் கட்டினார். தன் வீட்டையே ஐந்தில் ஒரு பங்காகக் கட்டினார். அதே மஞ்சள், அதே வெள்ளை ஓரம். கூரைக்குக் கற்பலகையைத் தீப்பெட்டி அளவில் நறுக்கி அடுக்கினார். ஆறு கண்ணாடி பதித்த ஜன்னல் இரண்டு, ஒரு புகைபோக்கி, வாசலில் இரண்டு படி, படியில் கால்மிதி. ஆஸ்லாக் ஜன்னல்களுக்குப் பின்னல் திரை தைத்துக் கொடுத்தார். விரல் மடங்கிய நாட்களின் கடைசி வேலை அது.

"இதுல யாரு குடிவரப் போறாங்க?" என்று ஊசியில் நூல் கோக்கும்போது கேட்டார். டோர்ஃபின் கால்மிதியைக் கொஞ்சம் நேராக்கினார்.

சுவருக்குள் குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு திணிக்கிற அன்று நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாக்னார் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பெட்டிக்குப் போய்ப் பஞ்சு மெத்தை வைக்கிற?"

"சுவருன்னா உள்ள பஞ்சு இருக்கணும். இல்லைன்னா அது வேலி."

"அதுக்குக் காத்து வேணும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே?"

"சுத்தி நாலு விரல் விட்டிருக்கேன். கூரைக்குக் கீழயும் நாலு விரல். இருபத்தெட்டு காரை நாலு விரல்ல நிறுத்தினவன் நான். காத்துக்கு அது போதாதா? காத்து என்ன, லாரியா?"

மாக்னாருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். சுவரில் பஞ்சு இல்லாமல் கட்டுகிறவன் இந்த ஊரில் கிறுக்கன் என்று பெயரெடுப்பான். பாலத்துக்கு அடியில் தபால் பெட்டி வைத்தால்கூட நாலு பக்கமும் பஞ்சு திணிப்பார்கள்.

வீடு முடிந்த அன்று சந்தே வந்து பார்த்துவிட்டுப் போனது. கூடம் பத்தொன்பதுக்கு இறங்கியதும் அன்றைக்குத்தான்.

மறுநாள் பதினெட்டு, அடுத்த வாரம் பதினாறு. வெளியே பெட்டி விடாமல் உறுமியது. சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று உறைபனி, தரையிலிருந்து வளர்ந்து நிற்கும் பனித்தூண். டோர்ஃபின் ஒரு வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தார். மைனஸ் இருபத்தாறு. சந்தில் அன்றைக்கு மைனஸ் எட்டுதான். பாவம், இது குளிரில் விறைத்துப்போய்த்தான் வேலை செய்யமாட்டேன் என்கிறது என்று முடிவுசெய்தார். பஞ்சை இரட்டிப்பாக்கினார். கூரைக்குக் கீழே விட்ட நாலு விரலையும் பழைய கம்பளியால் அடைத்தார். தினம் காலையில் கதவைத் தட்ட ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

மைனஸ் இருபத்தாறு என்று கேள்விப்பட்ட மாக்னார் அன்று சாயங்காலமே வந்து, வேட்டையில் தன் பங்குக்கு வந்த கடமான் தொடையை உள்ளே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருடைய குளிர்பெட்டி நிரம்பிவிட்டதாம். டோர்ஃபின் மனிதரின் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். அந்த வாரமே இரண்டு வீட்டு மீனும் ஒரு வாளி காட்டுப்பழமும் வந்து சேர்ந்தன. எல்லாரும் கால்மிதியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் குனிந்தார்கள்.

கூடம் பதினைந்து. ஆஸ்லாக் கழற்றியதையெல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். பியானோ மூடி மூடியே கிடந்தது. நான் கொண்டுபோன புத்தகத்தின் பக்கத்தை உள்ளங்கையால் தள்ளிப் புரட்டினார்.

அப்போதுதான் டோர்ஃபின் பரணிலிருந்து பழைய மின்சார ஹீட்டரை இறக்கினார். துடைத்தார், வயரைச் சரிபார்த்தார், எடுத்துக்கொண்டுபோய் சின்ன வீட்டுக்குள் பம்புக்குப் பக்கத்தில் வைத்தார். மாக்னார் ஓடிவந்து கடமான் தொடையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் கூடம் பதினேழைத் தொட்டது. டோர்ஃபினின் முகத்தில் ஃபெர்ரி கரை சேர்ந்த களை.

அன்று வியாழக்கிழமை, நான் இருந்தேன். ஆஸ்லாக் போர்வைக்குள்ளிருந்து நிதானமாகக் கேட்டார்.

"இரு, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. பரண்ல ஒரு ஹீட்டர் இருந்துச்சு."

"ஆமா."

"அதை நீ வெளிய பம்புக்குப் பக்கத்துல வச்சிருக்க. அது பம்பைச் சூடாக்குது. பம்பு அந்தச் சூட்டை எடுத்து எனக்கு அனுப்புது."

"ஆமா."

"அதை என் பக்கத்துல வச்சா என்ன?"

டோர்ஃபின் இரண்டு நாள் கூடத்துக்கும் சின்ன வீட்டுக்கும் நடையாய் நடந்தார். மூன்றாம் நாள் ஹீட்டர் ஆஸ்லாக்கின் காலடிக்கு வந்தது. பாதம் வெந்தது, கைவிரல் விறைத்தபடியே இருந்தது. அந்தக் கூடத்துக்கு அது கடலில் கரைத்த வெல்லம்.

யோருனை வரவழைத்தார்கள். அவள் சின்ன வீட்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். திரையைப் பார்த்தாள், புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு குனிந்து கதவைத் திறந்து, ஒரு காட் மீனை வெளியே எடுத்துப் பனியில் வைத்தாள்.

"அழகா கட்டியிருக்கீங்க," என்றாள். "ஆனா இது சூட்டை எடுத்துட்டுக் குளிர்ந்த காத்தைத் துப்புது. துப்பின காத்து போக வழியில்ல. அதையே திரும்ப இழுக்குது. நீங்க பஞ்சு வச்சதுல வெளிச்சூடும் உள்ள வராது. ஊர்லயே நல்ல ஐஸ்பெட்டி கட்டியிருக்கீங்க."

"என்ன செய்யணும்?"

"முன்சுவரை எடுத்துடுங்க. அவ்ளோதான்."

முன்சுவர் என்பது கதவு, இரண்டு ஜன்னல், திரை, படி. அதை எடுத்தால் பாக்கி இருப்பது வெறும் கூரை. டோர்ஃபின் மூன்று நாள் கழித்து எடுப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை குழு பார்வையிட வருகிறது, அவர்கள் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போகட்டும், சனிக்கிழமை காலை சத்தமில்லாமல் கழற்றிவிடலாம் என்பது கணக்கு. திருவருகை ஞாயிறுக்கு அதன் பிறகும் ஒரு வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி ஹெர்போர்க் இரண்டு பேரோடு வந்தார். பள்ளியில் டோர்ஃபினுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். பனியில் மண்டியிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கடிதத்தை இப்படிப் படித்ததில்லை என்றார். மூவரும் தள்ளிப்போய்க் குசுகுசுத்துக்கொண்டார்கள். திரும்பிவந்து தீர்ப்பைச் சொன்னார்கள். இந்தச் சின்ன வீடு இனிமேல் சந்தின் பழமைத் தோற்றத்தில் ஒரு பகுதி. முகப்பில் எந்த மாற்றம் செய்வதானாலும் விண்ணப்பம் போட வேண்டும். பரிசீலிக்கப் பன்னிரண்டு வாரமாகும்.

டோர்ஃபின் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

திங்களன்று நூலகத்துக்கு வந்து விண்ணப்பத்தை நிரப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டப்பட்ட ஆண்டு என்ற இடத்தில் இந்த வருடத்தை எழுதினார். குடியிருப்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் கோடு போட்டார். மாற்றம் வேண்டுவதன் காரணம் என்று ஐந்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் 'ஆஸ்லாக்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை சந்தின் கூட்டு வேலை நாள். மறுநாள் திருவருகை என்பதால் எல்லா வீட்டாரும் வெளியே வந்து, கம்பத்துக்குக் கம்பம் நட்சத்திர விளக்கு கட்டி, வழுக்குகிற பனியில் ஜல்லி தூவுவார்கள். வராதவர்களை அடுத்த வருடம்வரை மறக்க மாட்டார்கள். வந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைச் சாகும்வரை. ஹெர்போர்க்கும் கம்பளித் தொப்பியோடு வாளி தூக்கிக்கொண்டிருந்தார். டோர்ஃபின் வீட்டு நடையில் ஆஸ்லாக்கின் பழுப்புப் பை நிற்பதைத் திறந்த கதவு வழியே எல்லாரும் பார்த்தோம். யாரும் பார்க்காத மாதிரி ஜல்லி தூவினோம். அன்று கூடத்தில் பதினாலு.

பத்து மணிக்கு டோர்ஃபின் ரம்பத்தோடு வந்தார். சின்ன வீட்டின் மூலையில் வைத்து இழுக்க ஆரம்பித்தார்.

ஹெர்போர்க் வாளியைக் கீழே வைத்தார். "டோர்ஃபின், அது பாதுகாக்கப்பட்ட முகப்பு."

"தெரியும்."

"பன்னெண்டு வாரம்னு சொன்னோமே."

டோர்ஃபின் ரம்பத்தை நிறுத்தாமலே சொன்னார். "இதுக்குள்ள யாரும் இல்ல, ஹெர்போர்க். அந்த வீட்டுக்குள்ள ஆள் இருக்கு."

மாக்னார் உள்ளே இருந்த மீனை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு மூலையும் அறுபட்டு முகப்பு ஆடியபோது டோர்ஃபின் ரம்பத்தைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். ஃபெர்ரித் தளத்தில் உயர்த்திய அதே கை. மாக்னார் ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையை. கீழ்மூலை தொங்கியது, பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் வெறுங்கையோடு நின்றவர் ஹெர்போர்க் மட்டும்தான். சந்து முழுக்க அவரைப் பார்த்தது. கூட்டு வேலை நாளில் வெறுங்கையோடு நிற்க முடியாது. குனிந்து பிடித்துக்கொண்டார். டோர்ஃபின் எங்களைப் பார்த்தபடி பின்னால் நடந்து, உள்ளங்கையை மடக்கியும் விரித்தும் சுண்டு விரலை அசைத்தும் எங்களை நடைக்குள் ஏற்றினார். கதவு, ஜன்னல், திரை, புறச்சட்டம் எதுவும் எங்கும் உரசவில்லை. முகப்பைக் கூடத்தில் பியானோவுக்கு எதிர்ச்சுவரில் சாய்த்தோம்.

ஆஸ்லாக் போர்வைக்குள்ளிருந்து அதைப் பார்த்தார். "இப்ப நான் வீட்டுக்குள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?" என்று ஹெர்போர்க்கைக் கேட்டார். ஹெர்போர்க்குக்கும் அது உடனே விளங்கவில்லை.

சாயங்காலம் பதினேழானது. ஞாயிறு பத்தே முக்காலுக்குப் பேருந்து. பையைத் தூக்க வரும்படி ஆஸ்லாக் என்னிடம் முன்பே சொல்லியிருந்ததால் பத்தரைக்குப் போனேன். மேல்கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டோர்ஃபின் சுவரிலிருந்த வெப்பமானியருகே நின்றிருந்தார்.

"எவ்வளவு?" என்றார் ஆஸ்லாக்.

"பத்தொம்பதரை."

"நான் இருபதுன்னு சொன்னேன்."

"இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடும்."

"பஸ்ஸு கால் மணி நேரத்துல வந்துடும்."

டோர்ஃபின் கையைப் பார்த்தார். எந்த விரலை அசைப்பது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. பிறகு, சாய்த்து வைத்த முகப்பின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "போகாத," என்றார்.

ஆஸ்லாக் கோட்டின் முதல் பொத்தானை அவிழ்த்தார். விரல் வளையாததால் அதற்கு நேரமெடுத்தது. டோர்ஃபின் உதவிக்கு வரவில்லை. அவிழும்வரை நின்று பார்த்தார். இரண்டாவது பொத்தானுக்கு வந்தபோது ஆஸ்லாக் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தப் பையை மாடியில வச்சிடறியா?"

அன்று முழுக்கக் கூடம் இருபதைத் தொடவில்லை. திங்கட்கிழமைதான் தொட்டது. குழு தன் குறிப்பேட்டில், முகப்பு பராமரிப்புக்காகத் தற்காலிகமாக வீட்டினுள் வைக்கப்பட்டுள்ளது என்று எழுதிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மே பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலம் பார்க்க ராக்ன்ஃப்ரித் வந்திருந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூடத்துக்குள் வந்ததும் இது என்ன சூளையா என்று எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் எத்தனை டிகிரி வைப்பீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். பதினாலு, அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒரே படுக்கையில் படுத்த தங்கைக்கு அது நன்றாகவே தெரியும் என்றார். போன குளிர்காலத்தில் ஆஸ்லாக் வந்து தங்குவதாக இருந்தாரே என்றேன். அப்படி ஒரு பேச்சே அவர் காதுக்கு வந்ததில்லை.